தாழி, சுடலை, கல்லறை: தாமிரபரணி முதல் கூடங்குளம் கடற்கரை வரை இறுதிச் சடங்குகளின் வரலாறு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையை ஒட்டி, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. சுமார் 114 ஏக்கர் பரப்புள்ள இந்தச் சரளை மேட்டில் நெல் விளையாது. ஆற்றுப் பாய்ச்சல் உள்ள வயல்களை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள் அக்காலத்து மக்கள். இறந்தவரையோ அவருடைய எலும்புகளையோ பெரிய மண்தாழியில் வைத்து, பாறையைக் குடைந்த குழிக்குள் இறக்கி மூடினார்கள். தமிழ்நாட்டில் இறுதிச் சடங்குகளின் வரலாற்றைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தாழி, சுடலை, நடுகல், சமாதி, கல்லறை, கபர் என மனிதர் தம் இறந்தோரை அனுப்பிவைத்த முறைகளில் பெரும்பாலானவை இந்த ஆற்றங்கரைக்கும் தெற்கே கூடங்குளம் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒருநாள் பயணத் தொலைவுக்குள் காணக் கிடைக்கின்றன.

ஆதிச்சநல்லூரை முதலில் தோண்டியவர் பெர்லினைச் சேர்ந்த யாகோர். 1876இல் அவர் எடுத்த தாழிகளும் கருவிகளும் ஜெர்மனிக்குப் போயின. அடுத்து இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தார். இடையில் பிரான்சிலிருந்து வந்த லூயி லாப்பிக்கும் சிலவற்றைத் தோண்டிப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். ரீ கண்டெடுத்தவற்றின் பட்டியல் 1915இல் நூலாக வந்தது. நெற்றியில் கட்டிக்கொள்ள இரு முனைகளிலும் துளையிட்ட பொன்தகடுகள், வெண்கலக் கிண்ணங்கள், எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், ஈட்டிமுனைகள், சூலங்கள் எல்லாம் அதில் இடம்பெற்றன. சில தாழிகளில் உமியும் துணியின் தடயங்களும் இருந்தன. பொன்தகட்டின் பளபளப்பில் அன்று பலரும் கவனிக்காமல் விட்ட இந்த உமியும் துணியும்தான், பின்னால் வரும் சடங்குகளை அறிய விரும்புவோருக்கு மிகவும் பயன்படுபவை.

ரீக்குப் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் அங்கே பெரிய அகழாய்வு எதுவும் நடக்கவில்லை. கிடைத்த மண்டையோடுகளை அளந்து இனம் பிரிக்கும் வேலைதான் நடந்தது. 1930இல் சக்கர்மேன் எழுதிய ஆய்வு அந்த வகையைச் சேர்ந்தது. அந்த அளவீட்டு முறையை அறிவியல் இன்று கைவிட்டுவிட்டது. 2004இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் மண்வெட்டியைக் கையில் எடுத்தது. சிறிய பரப்பிலேயே 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு காலத்துத் தாழிகள் அடுக்கடுக்காக இருந்தன. சிலவற்றில் முழு உடலும் குந்திய நிலையில் வைக்கப்பட்டிருந்தது. வேறு சிலவற்றில் பொறுக்கியெடுத்த எலும்புகள் மட்டும் இருந்தன. அப்போது எடுத்த மாதிரிகளைக் காலக்கணிப்பு செய்ததில் கி.மு. 905, கி.மு. 696 என்ற ஆண்டுகள் கிடைத்தன. அகழாய்வு அறிக்கையோ நீண்ட காலம் வெளிவரவில்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்ட பிறகே வேலை வேகம் பிடித்தது. மண்ணுக்கடியில் மூவாயிரம் ஆண்டுகள் பொறுத்திருந்த சான்றுகள், மேலே வந்த பிறகும் காகிதத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது வருத்தத்துக்குரியது.

ஆற்றின் மறுபக்கம் உள்ள சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஊரின் தாழிகளில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் வெளியான அரசின் அறிக்கை காலம் குறித்தது. இவ்வளவு முற்பட்ட காலத்தை ஏற்க இன்னும் பல இடங்களின் சான்று வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எந்தக் கணக்கை ஏற்றாலும், தாழியில் புதைக்கும் வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து இருந்தது என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் இதே இரும்புக் கால மக்கள் கல்வட்டம், கற்பதுக்கை, கற்திட்டை என்று பாறைகளை நிறுத்தி ஈமச்சின்னம் எழுப்பினார்கள். பல்லாவரத்தில் கால்கள் வைத்த மண்பேழை கிடைத்தது. தெற்கே வந்தால் மேலே கல் அடையாளம் எதுவும் இல்லாத தாழிகளே மிகுதி. உலகத்தின் வேறு மூலைகளிலும் தாழி உண்டு. ஜப்பானின் யாயோய் காலத்தவர் இரண்டு பெரிய சாடிகளை வாயோடு வாய் பொருத்தி அதற்குள் உடலை வைத்தார்கள். பிலிப்பைன்சின் பலாவான் தீவில், படகில் இருவர் அமர்ந்து செல்வதுபோல் மூடியில் உருவம் வைத்த மனுங்குல் சாடி கிடைத்தது. லாவோசில் கல்லால் ஆன சாடிகளே ஒரு சமவெளி நிறையக் கிடக்கின்றன. இவர்களுக்குள் தொடர்பு இருந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. தானியம் சேமிக்கும் பாண்டம் வனையத் தெரிந்த மக்கள் பல இடங்களில் தாமாகவே இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

தாழி வனைவது எளிய வேலை அல்ல. ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுள்ள பாண்டத்தை ஒரே மூச்சில் சக்கரத்தில் ஏற்ற முடியாது. பகுதி பகுதியாக உயர்த்தி, உள்ளே கல்லும் வெளியே தட்டுப்பலகையும் வைத்துத் தட்டி, சுவரைச் சீராக்கி, வெடிக்காமல் சுட்டெடுக்க வேண்டும். ஊரில் சாவு விழுந்ததும் குயவர் வீட்டுக்கு ஆள் போயிருக்க வேண்டும், அல்லது தாழிகள் முன்கூட்டியே வனைந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். சங்க இலக்கியத்தில் இந்தக் குயவர் இரண்டு முறை நேரே அழைக்கப்படுகிறார். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், இவ்வளவு பெரும்புகழ் கொண்டவனை அடக்கும் தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று கேட்கிறார் புலவர். இன்னொரு பாட்டில், வழிப்பயணத்தில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவரிடம் வேண்டுகிறாள். அகழாய்வு தரும் ஓட்டுச் சில்லுகளுக்கு மனிதக் குரல் கொடுப்பவை இந்த இரண்டு பாட்டுகளும்.

அதே காலத்தில் தீயும் வழக்கில் இருந்தது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், புகாரை அடுத்த ஒரே ஈமக்காட்டில் எரிப்பவர், வெட்டவெளியில் இட்டுவிடுபவர், குழிதோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த பள்ளத்தில் அடைப்பவர், தாழியால் கவிப்பவர் என்று ஐந்து வகையினரும் காட்டப்படுகிறார்கள். ஒரு முறை போய் இன்னொரு முறை வந்தது என்று வரலாற்றை நேர்கோடாக வரையக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும். போரில் விழுந்தவனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, பெயர் பொறித்து நட்டு வழிபடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்திருக்கிறது. உடல் எங்கே போனாலும் நினைவு அந்தக் கல்லில் நிற்கும். பிற்காலத்தில் தாழி மெல்ல மறைந்தது. வைதிக சமயத்தின் செல்வாக்கு வளர வளர உயர்குடியினரிடம் எரியூட்டல் பரவியது. துறவிகளையும் சித்தர்களையும் மட்டும் எரிக்காமல் உட்கார்ந்த நிலையில் சமாதி வைத்தார்கள். குழந்தைகளையும் புதைத்தார்கள். பல சாதியினரிடம் பெரியவர்களைப் புதைக்கும் வழக்கமும் இன்றுவரை நீடிக்கிறது.

தாழி போனாலும் பானை போகவில்லை. திருநெல்வேலிச் சீமையின் கேத வீட்டில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். சாவுச் செய்தி போனதும் சொந்தக்காரர்கள் துட்டி கேட்க வரத் தொடங்குவார்கள். பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவர் பெண்ணானால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்தாக வேண்டும். அது வரும்வரை பாடையைத் தூக்க மாட்டார்கள். பிறகு நீர்மாலை. உரிமையுள்ள ஆண்கள் ஆற்றுக்கோ குளத்துக்கோ கிணற்றுக்கோ போய்க் குளித்து, ஈரத்துணியோடு குடங்களில் நீர் எடுத்து மாலை சூட்டி வருவார்கள். அவர்கள் தலைக்கு மேல் நாலு மூலையிலும் பிடித்த வெள்ளைத் துணி வரும், முன்னால் சங்கும் மேளமும் போகும். அந்த நீரில்தான் உடலைக் குளிப்பாட்டுவார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வருவார்கள்.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போட்டு முடிந்ததும், கொள்ளி வைக்கும் மகன் நீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் வைத்து மூன்று முறை சுற்றுவான். ஒவ்வொரு சுற்றிலும் குடிமகன் எனப்படும் நாவிதர் கத்தியின் முனையால் குடத்தில் ஒரு துளை போடுவார். மூன்று துளைகளிலும் நீர் பீறிட, மகன் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பான். மறுநாளோ மூன்றாம் நாளோ காடாற்று. சாம்பலில் பாலும் இளநீரும் ஊற்றித் தணலை அடக்குவார்கள். எலும்புகளைக் காலிலிருந்து தலைவரை வரிசையாகப் பொறுக்கிப் புதுக்கலயத்தில் இடுவார்கள். எரித்த இடத்தில் நவதானியம் தூவுவார்கள். கலயம் தாமிரபரணிக்கோ கடலுக்கோ போகும். பதினாறாம் நாள் விசேஷத்தில் மகனுக்கு மாமன்மார் உருமால் கட்டுவார்கள்.

பானை, அரிசி, துணி ஆகிய மூன்றும் ஆதிச்சநல்லூர், சிவகளைத் தாழிகளிலும் இருந்தவை. எலும்பைப் பொறுக்கி மண்கலத்தில் இடுவதும் அங்கே கண்டதுதான். மூவாயிரம் ஆண்டுகள் அறுபடாமல் ஒரே சடங்கு வந்தது என்று இதைக்கொண்டு நிறுவிவிட முடியாது. இடையில் எத்தனையோ மக்கள் வந்தார்கள், சமயங்கள் மாறின. ஆனாலும் இறந்தவரோடு மண்கலமும் சோறாகும் தானியமும் புதுத்துணியும் போக வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் வலுவாக ஊன்றியிருந்தது. எரியூட்டல் வந்தபோதும் அந்த எண்ணம் தனக்கு ஓர் இடத்தைத் தேடிக்கொண்டது.

இந்தச் சடங்குகளின் சுமையைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் வரலாறு சொல்லியாக வேண்டும். குடத்தில் துளையிட்டவர் நாவிதர். துணி பிடித்தவர் வண்ணார். சிதை அடுக்கி இரவெல்லாம் காத்து நின்றவர் வெட்டியான். சாவுச் செய்தியை ஊர் ஊராக நடந்து சொன்னவரும் பறையடித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. இவர்கள் இல்லாமல் எந்த மேல்சாதிக்காரரின் உடலும் வீட்டுப் படி தாண்டியிருக்காது. அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் நெல்லும் வாய்க்கரிசிக் காசும்தான். அவர்கள் வீட்டுச் சாவுக்கு ஊர்த்தெரு வழி திறக்கவில்லை.

சுடுகாட்டையே கோயிலாக்கிய வழிபாடு தென்மாவட்டங்களின் தனிச்சிறப்பு. சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டுக்காரர்கள் விடிய விடியப் பாடுவார்கள். விளக்கின் சுடரிலிருந்து பார்வதிக்குப் பிள்ளையாகப் பிறந்தவன், சுடுகாட்டில் எரியும் பிணத்தைத் தின்றதால் கைலாயத்தில் இருக்க முடியாமல் பூலோகத்துக்கு அனுப்பப்பட்டான் என்று போகும் அந்தக் கதை. அவனுக்குச் சிலை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலே போகப் போகக் குறுகும், சுண்ணாம்பு பூசிய செங்கல் பூடமே போதும். கொடை விழாவின் நடுச்சாமத்தில் சாமியாடி பந்தமும் வல்லயமும் ஏந்தி வேட்டைக்குப் போவது சுடுகாட்டுக்குத்தான். கணியான் கூத்தில் மகுடம் என்னும் பறை முழங்க, கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் சடங்கும் உண்டு. கொலையுண்டவர், அகாலத்தில் போனவர், நீதி கிடைக்காமல் செத்தவர் ஆகியோரின் கோபம் ஊரைத் தாக்காமல் இருக்க அவர்களுக்குப் பூடம் எழுப்பிப் படையல் போட்டார்கள். பிராமணனாகப் பிறந்து சக்கிலியப் பெண்களை மணந்து கொலையுண்ட முத்துப்பட்டன் இப்படித்தான் சாமியானான்.

இந்த வழக்கம் அயலாரையும் விட்டுவைக்கவில்லை. 1809இல் ஆரல்வாய்மொழி அருகே திருவிதாங்கூர்க் கோட்டை வரிசையைக் கும்பினிப் படை தாக்கியபோது காயம்பட்டு இறந்த கேப்டன் போல் என்ற ஆங்கிலேயர், போர்க்களத்திலிருந்து சுமார் 25 மைல் தள்ளி நெல்லைப் பகுதியில் புதைக்கப்பட்டார். ஊர்மக்கள் அவருடைய ஆவிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டதைப் பாதிரியார் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பாதிரியாருக்கு அது பேய் வழிபாடாகத் தெரிந்தது. வழிபட்டவர்களின் கண்ணில், சொந்த ஊரை விட்டு வெகு தொலைவில் அகாலமாய் இறந்த ஒருவனுக்குச் செய்ய வேண்டிய கடமை அது.

பேய்களுக்குப் பலியிடுவதை மறுத்து 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது அய்யாவழி. சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் 1851இல் மறைந்தார். அவரை அடக்கம் செய்த இடமே தலைமைப்பதியாக வளர்ந்தது. கூடங்குளம், இராதாபுரம் வட்டாரத்தின் பல ஊர்களில் நிழல்தாங்கல்கள் எனப்படும் அய்யாவழி வழிபாட்டிடங்கள் உண்டு. வழிமுறையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் குடும்பங்கள் இறந்தவரை எரிப்பதில்லை. தவத்தில் இருப்பவர்போல் சம்மணமிட்டு வடக்கு நோக்கி அமர்த்தி, நாம மண் இட்டுப் புதைக்கிறார்கள். தரும யுகம் பிறக்கும்போது எழுவார் என்பது நம்பிக்கை. ஒரு காலத்தில் துறவிக்கு மட்டுமே உரியதாயிருந்த சமாதி நிலையை, தெருவில் நிமிர்ந்து நடக்கவும் மேலாடை அணியவும் தடுக்கப்பட்டிருந்த மக்கள் தம் எல்லோருக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள். இந்த மாற்றத்தின் கனம் பெரியது.

கடற்கரையில் கதை வேறு. காயல்பட்டினத்துக்கு அரேபியாவிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்த காலத்தில் இஸ்லாமிய அடக்க முறையும் வேரூன்றியது. அங்கே பழைய பள்ளிவாசல்களை ஒட்டி, அரபு எழுத்துப் பொறித்த இடைக்காலத்து மீசான் கற்கள் இன்றும் நிற்கின்றன. மையத் எனப்படும் உடலைக் குளிப்பாட்டி, ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து என்று தைக்காத கபன் துணி சுற்றி, சந்தூக்கில் வைத்து ஜனாஸா தொழுகைக்குக் கொண்டுபோவார்கள். செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே துணி. கபருக்குள் முகம் கிப்லாவை நோக்கியிருக்கும். கூடுமானவரை அன்றே அடக்கிவிடுவது முறை. கூடங்குளத்துக்கு வடகிழக்கே நம்பியாறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஆத்தங்கரை பள்ளிவாசல், செய்யது அலி பாத்திமா நாச்சியார், சேக் முகமது ஆகிய இருவரின் அடக்கத்தலம். நேர்ச்சையோடு அங்கே வருபவர்களில் இந்துக்களும் கிறித்தவர்களும் உண்டு.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடிக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அன்றுமுதல் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் எனக் கடலோரம் நெடுகக் கோயிலும் கல்லறைத் தோட்டமும் சேர்ந்தே வளர்ந்தன. துக்க மணி அடித்ததும் வலை இழுப்பவர்கள் கரைக்கு வந்துவிடுவார்கள். பெட்டி வாங்க வழியில்லாத குடும்பங்களுக்குக் கோயிலின் பொதுத் தூம்பாவே உதவியது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் களை பறித்து, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஒப்பாரியும் பதினாறாம் நாளும் உறவுமுறைக் கோடியும் மதம் மாறியதால் நின்றுவிடவில்லை.

வடக்கன்குளம் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. நீலகண்ட பிள்ளை 1745இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டு, உடல் காட்டில் எறியப்பட்டது. மிஞ்சியதைத் தேடி எடுத்த கிறித்தவர்கள் கோட்டாறு சவேரியார் ஆலயப் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15இல் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே வடக்கன்குளத்துக் கோயிலில் 19ஆம் நூற்றாண்டில் இரு சாதியினரைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. கோயிலுக்குள்ளேயே சுவர் நின்ற காலத்தில் கல்லறையில் பாகுபாடு நிலவியதில் வியப்பில்லை. தமிழகத்தின் பல பங்குகளில் கல்லறைத் தோட்டம் இன்னும் பிரிந்தே கிடக்கிறது.

சீர்திருத்த சபையார் கல்லறைக்கு எழுத்தைக் கொண்டுவந்தார்கள். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு வேத வசனம் என்று எளிய மனிதருக்கும் தமிழில் கல்வெட்டு கிடைத்தது. அரசனுக்கும் வீரனுக்கும் மட்டுமே கல்லில் பெயர் இருந்த நாட்டில் இது சிறிய மாற்றம் இல்லை. இந்தச் சபையினரின் அடக்கத்தலங்களில் பெரிதும் அறியப்பட்டது கூடங்குளத்துக்கு அண்மையில், இடையன்குடியில் இருக்கிறது. 1841இல் அங்கே வந்து குடியேறிய இராபர்ட் கால்டுவெல், 1880இல் அபிஷேகம் செய்யப்பட்ட தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டினார். 1891 ஆகஸ்ட் 28இல் கொடைக்கானலில் காலமானார். அவருடைய உடலை மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கொற்கையில் அகழ்ந்து பார்த்தவர், தென்னிந்தியத் தாழிகளைப் பற்றி 1870களிலேயே கட்டுரை எழுதியவர் அவர். முன்னொரு காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராமல், வயதாக ஆகச் சுருங்கிப்போனார்கள், அவர்களைச் சோற்றோடும் தண்ணீரோடும் தாழிக்குள் வைத்தார்கள் என்று ஊர்க்கிழவர்கள் சொல்லிவந்த கதை அவர் காலத்திலும் வழங்கியது. இன்றும் தாழி அகப்படும் ஊர்களில் அதைக் கேட்கலாம்.

உடலே கிடைக்காத சாவு கடற்கரைக்கு மட்டும் உரிய துயரம். கட்டுமரம் திரும்பவில்லை என்றால் குடும்பம் எதை வைத்து அழுவது, எந்த நாளைத் திதியாகக் கொள்வது? இந்து மரபில் தர்ப்பைப் புல்லால் உருச் செய்து எரியூட்ட வழி உண்டு. கடலோரக் கத்தோலிக்கர் உடலில்லாமல் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். சட்டமோ ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொள்ளும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்துக் குமரி மீனவர் பலர் கடலில் மறைந்தபோது, அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் வழங்க வேண்டியதாயிற்று. 2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறு. கரையில் உடல்கள் குவிந்தன, ஒவ்வொருவருக்கும் குழி தோண்ட நேரமில்லை. குளச்சலிலும் மணக்குடியிலும் மதம் பாராமல் மொத்தமாக அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் உள்ள சுனாமி குடியிருப்பு அந்த நாளின் இன்னொரு சுவடு.

ஆறும் கடலும் நினைவிடங்களாகவும் ஆயின. 1948 பிப்ரவரி 12இல் காந்தியடிகளின் அஸ்தி கன்னியாகுமரியில் கரைக்கப்பட்டது. கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956இல் மண்டபம் எழுந்தது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியபோது 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் கூட்டம் குறையவில்லை. நீராடியவர்கள் விட்டுச்செல்லும் துணிகள் ஆற்றுப் படுகையில் அடைந்து கிடக்கின்றன. முன்னோருக்குச் செய்யும் கடன் குடிநீர் தரும் ஆற்றைக் கெடுப்பதாக இருக்கக் கூடாது.

கடந்த சில பத்தாண்டுகளில் மாற்றம் வேகமானது. வளைகுடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ மகன் வந்து சேரும்வரை உடலைக் குளிர்ப்பெட்டியில் வைக்க முடிகிறது. அன்றைய பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற விதி அதனால் தளர்ந்துவிட்டது. பாடையின் இடத்தை அமரர் ஊர்தி பிடித்துக்கொண்டது. நகரங்களில் எரிவாயுத் தகனமேடைக்குப் போகிறார்கள், காடாற்றுக்கு முன் சாம்பல் பொட்டலமாகக் கையில் வந்துவிடுகிறது. ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள் அருகிவிட்டார்கள், ஒலிப்பெருக்கியில் பதிவு செய்த பாட்டு ஓடுகிறது. ஊர்க் கிழவிகளின் ஒப்பாரியைப் பதிவு செய்து வைக்க இதுவே கடைசித் தலைமுறை. சுடுகாட்டில் நின்று செய்த வேலையிலிருந்து நாவிதர், வண்ணார் குடும்பங்களின் இளைய தலைமுறை விலகிவருகிறது. அது நியாயமானதே.

விலகாமல் நிற்பது இடத்தின் பிரிவினை. 1999ஆம் ஆண்டின் ஊராட்சி மயான விதிகள், குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் உரிமம் இல்லாத இடத்தில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்கின்றன. உரிமம் பெற்ற மயானங்களோ ஊருக்கு இரண்டு மூன்றாக, சாதிக்கொன்றாக இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, வயல் வழியாகப் போகப் பாதை மறுக்கப்பட்டதால் தாழ்த்தப்பட்ட ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. இன்று இறந்தவருக்குப் பாதை மறுக்கும் இதே மாநிலத்தில்தான், ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்ட் முதல், தாழிகள் கிடந்த குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, இருந்த இடத்திலேயே அவற்றைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். மயானப் பிரிவினையைக் குறைக்க, சாதி வேறுபாடற்ற பொது மயானத்தைப் பயன்படுத்தும் சிற்றூர்களுக்குத் தமிழ்நாடு அரசு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்திருக்கிறது. தாமிரபரணிக் கரையின் ஒவ்வோர் ஊராட்சியும் அந்தத் தொகையைக் கேட்டு வாங்கும் தகுதியைப் பெற வேண்டும்.